எஞ்சினைத் திறப்பதற்கு முன்: புரொப்பெல்லரும் குறைப்பு கியரும் ஒத்துப்போகாதபோது

வீட்டுப் பட்டறையில் கட்டிய சிறு விமானம் சரியாக இழுக்கவில்லை என்று தோன்றினால் முதலில் டாக்கோமீட்டரை (சுற்று வேகம் காட்டும் மீட்டரை) சந்தேகியுங்கள், அடுத்து புரொப்பெல்லரை. எஞ்சினின் முறை மூன்றாவதுதான். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையை) மாற்றி, பழைய கோளாறோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எஞ்சின், குறைப்பு கியர், புரொப்பெல்லர் மூன்றையும் தனித்தனியே வாங்கினாலும் ஓடும்போது மூன்றும் சேர்ந்து ஒரே இயந்திரம். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின் தன் 100 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 5,800 சுற்றில் தருகிறது. அதே வேகத்தில் 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை நேரடியாகச் சுற்றினால் இறகின் நுனி விநாடிக்கு 516 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே ஏறத்தாழ 340 மீட்டர்தான். அதனால்தான் இடையில் 2.43 விகிதத்தில் ஒரு கியர். புரொப்பெல்லர் 2,390 சுற்றுக்கு இறங்குகிறது, நுனி வேகம் 212 மீட்டராகிறது, முறுக்கு விசை 2.43 மடங்காகிறது. இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் மற்ற இரண்டின் கணக்கும் மாறும். கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் வேர் இதுதான்.

எதையும் தொடுவதற்கு முன்

சக்கரங்களுக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் ஆள் நடமாட்டம் இல்லை: இவை மூன்றும் இல்லாமல் தரை ஓட்டம் வேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றவும் வேண்டாம். விமான எஞ்சின்களின் பற்றவைப்பு பொதுவாக ஒரு கம்பியைத் தரையோடு இணைத்துத்தான் அணைக்கப்படுகிறது. அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் என்ன சொன்னாலும் பிளக்கில் பொறி பறக்கும். கையால் சுற்ற வேண்டிய வேலை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இனி டாக்கோமீட்டர். ஒளியால் அளக்கும் கையடக்க மீட்டரை வாங்கி, அதில் இறகுகளின் எண்ணிக்கையைச் சரியாக அமைத்து (மூன்று இறகுக்கு இரண்டு என்று அமைத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்) புரொப்பெல்லரின் சுற்றை அளந்து, கியர் விகிதத்தால் பெருக்குங்கள். விமானத்து மீட்டர் 5,500 காட்டும்போது கைமீட்டர் 2,180 காட்டினால், 2.43-ஆல் பெருக்க 5,300-தான் வருகிறது. அந்த 200 சுற்று வித்தியாசமே பாதிப் புகார்களுக்குக் காரணமாக இருக்கும். மின்னணு மீட்டர்களில் ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்ற அமைப்பு தவறியிருந்தால் பிழை இன்னும் பெரிதாகும்.

பழைய கியர்பாக்ஸ் வாங்கியவர்கள் விகிதத்தையும் நம்பக் கூடாது. ரோட்டாக்ஸ் இருவீச்சு எஞ்சின்களுக்கான ‘பி’ வகைப் பெட்டி 2.0, 2.24, 2.58 என்று பல விகிதங்களில் வந்தது. வெளித்தோற்றத்தை வைத்து இன்னதென்று சொல்ல முடியாது. எஞ்சினின் பின்முனையில் சுழலும் பகுதியில் ஒரு கோடு, புரொப்பெல்லர் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, புரொப்பெல்லரைப் பத்து முழுச் சுற்று சுற்றி, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். இருபத்தைந்தே முக்கால் வந்தால் 2.58. ஒரே ஒரு சுற்று சுற்றிப் பார்த்து முடிவுசெய்தால் உள்ளே இருக்கும் இடைத்தளர்வு ஏமாற்றிவிடும்.

கடைசியாக, திராட்டில் (எஞ்சினின் முடுக்கி) கேபிள் கார்புரேட்டரின் வால்வை முழுமையாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். காற்றில்லாத நேரத்தில் அளவெடுங்கள். எதிர்க்காற்று சுற்றைக் கூட்டிக் காட்டும், பின்காற்று குறைத்துக் காட்டும்.

அறிகுறி: முழுத் திராட்டிலிலும் சுற்று ஏறவில்லை

முதல் கேள்வி ஒன்றுதான்: இது புதிதாக வந்ததா, முதல் நாளிலிருந்தே இருக்கிறதா? அதே புரொப்பெல்லர், அதே பிட்ச் (இறகின் சாய்வு; ஒரு சுற்றில் அது திருகி முன்னேறும் தூரமாகவும் சொல்வார்கள்), போன மாதம் 5,200 வந்தது, இப்போது 4,950 என்றால் குற்றம் எஞ்சின் பக்கம். பொருத்திய நாளிலிருந்து 4,950-ஐத் தாண்டியதே இல்லை என்றால் புரொப்பெல்லர் பக்கம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பதிவேடு வேண்டும். ஒவ்வொரு பிட்ச் மாற்றத்துக்கும் நிலைச் சுற்றை, அதாவது விமானம் நிற்கும்போது முழுத் திராட்டிலில் வரும் சுற்றை, எழுதிவைக்காதவர் இங்கேயே மாட்டிக்கொள்வார்.

சில நூறு சுற்றுதானே என்று அலட்சியம் வேண்டாம். புரொப்பெல்லர் கேட்கும் முறுக்கு விசை சுற்றின் இருமடிக்கும், கேட்கும் திறன் மும்மடிக்கும் ஏற்ப ஏறுகிறது. 5,200 சுற்றில் நிற்கும் புரொப்பெல்லரை 5,800-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 39 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், பிட்ச் மாறாமல் சுற்று மட்டும் 5 சதவீதம் விழுந்தால் எஞ்சின் தன் முறுக்கு விசையில் 10 சதவீதத்தை இழந்திருக்கிறது. புரொப்பெல்லரே இங்கே ஒரு அளவுகோல், அதற்குக் காசும் கொடுத்தாகிவிட்டது.

வெயில் அதிகம், அதனால்தான் சுற்று குறைகிறது என்ற சமாதானத்தை அடிக்கடி கேட்கலாம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. காற்று லேசானால் எஞ்சினின் முறுக்கு விசை குறைவது உண்மை. அதே அளவுக்குப் புரொப்பெல்லரின் சுமையும் குறைகிறது. ஆகவே நிலைச் சுற்று ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். குறைவது இழுவிசை, அதை மீட்டர் காட்டாது. வெப்பநாளில் சுற்று கணிசமாக விழுந்தால் காற்று வடிகட்டி, எரிபொருள், பற்றவைப்பு என்று தேடுங்கள்.

முதல் நாளிலிருந்தே சுற்று போதவில்லை என்றால் பிட்சைக் குறையுங்கள். தரையில் மாற்றக்கூடிய புரொப்பெல்லரில் ஒரே ஒரு பாகை மட்டும் குறைத்து, எல்லா இறகையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்து, ஒரு பாகைக்கு உங்கள் எஞ்சினில் எத்தனை சுற்று கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கியர் உள்ள எஞ்சின்களில் இது சில நூறு சுற்றாக இருக்கும். அந்த எண் கைக்கு வந்துவிட்டால் அதன்பின் ஊகத்துக்கு வேலையில்லை.

அதிகப் பிட்சில் ஓட்டிக்கொண்டே இருப்பது வெறும் மந்தம் அல்ல, சேதம். நால்வீச்சு எஞ்சினில் திராட்டில் முழுக்கத் திறந்து சுற்று தாழ்ந்து கிடந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், எரிபொருள் தட்டி வெடிக்கும் வாய்ப்பு கூடும், ஒவ்வொரு அடியும் கியர் பற்களுக்குப் போகும். 912 வகையில் 5,200 சுற்றுக்குக் கீழே முழுத் திராட்டிலில் ஓட்டுவதைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இருவீச்சு எஞ்சினில் கதையை வெப்பமானிகள் சொல்லும். சுமை அதிகமானால் சிலிண்டர் தலை வெப்பம் ஏறும், வெளியேறும் புகையின் வெப்பம் இறங்கும். சுமை குறைவானால் புகை வெப்பம் ஏறும், அதுவும் பாதித் திராட்டிலில் இறங்கி வரும்போது. ரோட்டாக்ஸ் 582-க்குப் புகை வெப்பத்தின் உச்சவரம்பு 650 பாகை செல்சியஸ். அதை நெருங்குகிறதே என்று உடனே பெரிய ஜெட்டைப் போடுபவர்கள், பிட்ச் குறைவாக இருப்பதால் வந்த வெப்பத்தைப் பெட்ரோல் ஊற்றி அணைக்கிறார்கள். சுமையை முதலில் சரிசெய்யுங்கள், ஜெட் பிறகு. இந்த வரிசையில் எனக்குச் சமரசமே கிடையாது.

அறிகுறி: சுற்று தாராளமாக ஏறுகிறது, விமானம் நகர மறுக்கிறது

சிரிக்காமல் முதலில் இதைப் பாருங்கள்: புரொப்பெல்லர் முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கிறதா? இறகின் வளைந்த பக்கம் எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் பின்னால். மூக்கில் இருந்தாலும் வாலருகே தள்ளும் வகையாக இருந்தாலும் விதி இதுவே. தள்ளும் வகையில் எஞ்சினைப் பார்த்து மாட்டிப் பழகியவர்கள் தவறுவது வழக்கம்.

அடுத்தது சுழலும் திசை. ஒரு ஜோடிப் பல்சக்கரம் திசையைத் திருப்பிவிடும். பெல்ட் திருப்பாது. நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் ‘சூரியன், கோள்’ வகைக் கியரும் பொதுவாகத் திருப்புவதில்லை. பெல்ட்டிலிருந்து கியர்பாக்ஸுக்கு மாறியவர் பழைய புரொப்பெல்லரையே வைத்துக்கொண்டால் இடக்கைப் புரொப்பெல்லர் வலப்பக்கம் சுற்றும். அப்போது கொஞ்சம் இழுவிசை பின்பக்கமாக வரும், சத்தம் நிறைய வரும்.

வி-பெல்ட் குறைப்பான் என்றால் நழுவலைச் சோதியுங்கள். ஐட்லில் (திராட்டிலை மூடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) எஞ்சின் சுற்றையும் புரொப்பெல்லர் சுற்றையும் அளந்து வகுத்து ஒரு விகிதம் எடுங்கள். முழுத் திராட்டிலில் இன்னொன்று. இரண்டாவது பெரிதாக இருந்தால் பெல்ட் நழுவுகிறது. பல் வைத்த பெல்ட் நழுவாது, தளர்ந்தால் பல் தாண்டிக் குதிக்கும். அதன் சத்தம் தனி ரகம், ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

இவை எதுவும் இல்லை என்றால் பிட்ச் போதவில்லை. பிட்சை மீட்டரில் எடுத்து, புரொப்பெல்லரின் சுற்றால் பெருக்கினால் அது காற்றில் நழுவாமல் திருகிப் போனால் எட்டும் வேகம் கிடைக்கும். 1 மீட்டர் பிட்ச், 2,390 சுற்று என்றால் மணிக்கு 143 கிலோமீட்டர். உங்கள் விமானம் எட்ட வேண்டிய வேகத்தை விட இந்த எண் குறைவாக இருந்தால், எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

அறிகுறி: தரையில் சரியாக இருக்கிறது, மேலே போனதும் தப்பாகிறது

நிலையான பிட்ச் கொண்ட புரொப்பெல்லர் ஒரு வேகத்துக்குத்தான் முழுப் பொருத்தம். விமானம் வேகமெடுக்க இறகின் மேல் சுமை குறையும், சுற்று ஏறும். ஆகவே பிட்சைத் தீர்மானிக்கும் எல்லை தரையில் இல்லை, மட்டப் பறப்பில் முழுத் திராட்டிலில் இருக்கிறது: அங்கே சுற்று சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. 582-க்கு அது 6,800. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்படி பிட்சை வைத்துவிட்டு, நிலைச் சுற்று எவ்வளவு வருகிறது, ஏற்றம் போதுமா என்று பாருங்கள்.

இரண்டும் ஒருசேர அமையவில்லை என்றால், அதாவது ஏற்றத்துக்குச் சரியாக வைத்தால் மட்டப் பறப்பில் கோட்டைத் தாண்டுகிறது, மட்டப் பறப்புக்கு வைத்தால் புல்தரையை விட்டு எழும்பவே ஓடுதளம் போதவில்லை என்றால், பிட்சோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். விட்டமும் கியர் விகிதமும்தான் தவறு. மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குப் பெரிய விட்டமும் குறைந்த சுற்றும் வேண்டும். கோட்பாட்டின்படி நிற்கும்போது கிடைக்கும் இழுவிசை, திறனும் விட்டமும் சேர்ந்த பெருக்கலின் மூன்றில் இரண்டு மடிக்கு ஏற்பக் கூடும். அதே திறனில் விட்டத்தை 1.5-லிருந்து 1.7 மீட்டராக்கினால் சுமார் 9 சதவீதம் ஆதாயம். ஆனால் அதே கியரில் பெரிய விட்டத்தை வைத்தால் பிட்சைச் சுருக்க வேண்டிவரும், நுனி வேகமும் ஏறும். 582-ஐ 6,500 சுற்றில் 2.58 விகிதத்தில் ஓட்டினால் புரொப்பெல்லர் 2,520 சுற்றும், 3.47-இல் ஓட்டினால் 1,870 சுற்றும். இரண்டாவதுதான் பெரிய இறகுக்கு இடம் கொடுக்கிறது. தரைக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளி அனுமதித்தால் அந்தப் பக்கம் போகலாம். பெரிய இறகு கொண்டுவரும் இன்னொரு தலைவலி அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: ஐட்லில் கடகடப்பு, நிறுத்தும்போது ஓர் உதை

முதல் மருந்து இலவசம்: ஐட்லைக் கூட்டுங்கள். 912-இல் 1,400 சுற்றுக்குக் கீழே போகக் கூடாது, 582-இல் 2,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். காரைப் போலச் சன்னமாக ஓட வேண்டும் என்று ஐட்லை இறக்கிவைப்பது கியர் பற்களைச் சுத்தியலால் தட்டுவதற்குச் சமம். இரண்டு கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் இரண்டும் ஒரே அளவில் திறக்கின்றனவா என்று வெற்றிட மானியை வைத்துச் சரிபாருங்கள். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் ஒருபக்கச் சிலிண்டர்கள் மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு ஓடும். 912-இன் கியர்பாக்ஸ் கோளாறு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் கார்புரேட்டர் கோளாறு.

அதற்கும் அடங்கவில்லை என்றால் புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறனை அளந்தாக வேண்டும். எடை மட்டும் போதாது, எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே கணக்கு. ரோட்டாக்ஸின் ‘பி’ வகைப் பெட்டிக்கு வரம்பு 3,000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர். ரப்பர் இணைப்பு உள்ள ‘சி’, ‘இ’ வகைகளுக்கு 6,000.

அளக்க ஆய்வகம் வேண்டாம். கூரையிலிருந்து 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு மெல்லிய கயிறுகளைத் தொங்கவிட்டு, புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக, மையத்திலிருந்து இருபுறமும் சரியாக 25 சென்டிமீட்டரில் கட்டுங்கள். மையத்தை அச்சாக வைத்து ஒரு பத்துப் பாகை திருப்பி விடுங்கள், ஊஞ்சலாடாமல் முறுக்காட்டம் மட்டும் வரும்படி. இருபது ஆட்டத்துக்கான நேரத்தை எடுத்து, ஒரு ஆட்டத்தின் நேரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு: எடை (கிலோ) × 9.81 × கயிற்றுத் தூரத்தின் வர்க்கம் (மீட்டரில், இங்கே 0.25-இன் வர்க்கம்) × ஆட்ட நேரத்தின் வர்க்கம், இதை 39.5-ஆலும் கயிற்றின் நீளத்தாலும் வகுக்க வேண்டும். 4 கிலோ புரொப்பெல்லர் ஓர் ஆட்டத்துக்கு 3.1 விநாடி எடுத்தால் விடை 0.3, அதாவது 3,000 என்ற எல்லையிலேயே நிற்கிறது. 3.6 விநாடி எடுத்தால் 4,000. கைக்கடிகாரத்தில் அரை விநாடி வித்தியாசம், பெட்டிக்கோ அது தாங்குமா தாங்காதா என்ற வித்தியாசம். மூன்று இறகுள்ளதை மூன்று கயிற்றில், மூன்றும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி கட்டுங்கள். சூத்திரம் அதேதான்.

வரம்பைத் தாண்டினால் லேசான இறகோ பெரிய பெட்டியோதான் வழி. ‘இதுவரை தாங்கியதே’ என்பது பொறியியல் அல்ல.

அறிகுறி: குறிப்பிட்ட சுற்றில் மட்டும் உறுமல், மீட்டர் முள் நடுக்கம், இணைப்பில் ரப்பர்த் தூள்

இந்தப் பட்டியலில் உயிரோடு விளையாடுவது இதுதான். பெயர் முறுக்கதிர்வு. இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமலே போகலாம், ஏனென்றால் ஆட்டம் எஞ்சின் தாங்கியில் இல்லை, தண்டுக்குள்ளேயே முறுகி அவிழ்கிறது. தடயங்களைத்தான் தேட வேண்டும்: ஃப்ளைவீல் போல்ட்டுகள் மறுபடி மறுபடி தளர்வது, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை வெட்டுப்படுவது, தண்டின் வரிப்பற்களில் செம்பழுப்புத் தூள், ரப்பர் இணைப்பைச் சுற்றிக் கறுப்புத் தூள், ஒரு குறுகிய சுற்றுப் பகுதியில் மட்டும் கியர் அரைக்கும் ஓசை.

எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை, அடித்து அடித்துச் சுற்றுகிறது; சிலிண்டரில் நடக்கும் ஒவ்வொரு வெடிப்பும் ஓர் அடி. நான்கு சிலிண்டர் நால்வீச்சில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. இரண்டு சிலிண்டர் இருவீச்சிலும் இரண்டு. மூன்று சிலிண்டர் நால்வீச்சில் ஒன்றரை. ஒரு முனையில் எஞ்சினின் சுழல்நிறை, மறுமுனையில் புரொப்பெல்லர், நடுவில் வில்லாகத் தண்டும் இணைப்பும். இந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அடிகளின் எண்ணிக்கை அதோடு பொருந்தும் சுற்றில் முறுக்கு விசை சராசரியைப் போலப் பல மடங்கு ஏறி, எதிர்த்திசைக்கும் போகும். அப்போது பற்கள் பிரிந்து பிரிந்து மோதும்.

எண்களில் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்தவை. புரொப்பெல்லர் 0.4 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வையுங்கள். 2.43 கியர் வழியாகக் கிராங்க் பார்க்கும்போது அது விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டு 0.068 ஆகும். எஞ்சின் பக்கம் 0.06. நடுவில் மென்மையான ரப்பர் இணைப்பு, ஒரு ரேடியனுக்கு 600 நியூட்டன் மீட்டர். இயல்பு அதிர்வெண் சுமார் 22 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் எஞ்சின் அதைத் தொடுவது 655 சுற்றில், அதாவது ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் கடந்துபோகிறது. அதே இடத்தில் ரப்பரை எடுத்துவிட்டு விறைப்பான தண்டை வையுங்கள், ஒரு ரேடியனுக்கு 20,000. இப்போது 126 ஹெர்ட்ஸ், ஒத்ததிர்வு 3,780 சுற்றில், ஓட்டும் வரம்பின் நட்டநடுவில்.

கார் எஞ்சினை மாற்றியமைப்பவர்கள் செய்யும் வேலை இதை மோசமாக்குகிறது. காரில் கனமான ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டில் சுருள்வில்களும் இருந்தன. அந்த எஞ்சின் அந்தக் கூட்டணிக்காக வடிவமைக்கப்பட்டது. எடை மிச்சம் என்று ஃப்ளைவீலைக் கழற்றி எஞ்சின் பக்க நிறையைப் பாதியாக்கினால், மேலே சொன்ன விறைப்பான அமைப்பின் ஒத்ததிர்வு 3,780-லிருந்து 4,680-க்கு ஏறுகிறது. நெடுநேரம் ஓட்டும் பறப்புச் சுற்று அங்கேதான் இருக்கும். நாலைந்து கிலோ மிச்சம் பிடித்ததற்குக் கிராங்க் ஷாஃப்ட்டை விலையாகக் கொடுக்கும் வியாபாரம்.

ரப்பர் போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்பதும் முழு உண்மை அல்ல. நால்வீச்சில் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் போனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அடி குறையும். அது ஒரு சுற்றுக்கு அரை அடி என்ற புதிய தாளத்தைக் கொண்டுவரும். 655 சுற்றில் பாதுகாப்பாக ஒதுங்கியிருந்த 22 ஹெர்ட்ஸ், இந்த அரைத் தாளத்தில் 2,620 சுற்றில் எழுந்து நிற்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி ஒருநாள் அந்தச் சுற்றில் மட்டும் உறுமுகிறது என்றால் பெட்டியைத் திறக்காமல் பிளக்குகளைப் பாருங்கள்.

தீர்வு என்ன? இணைப்பை மென்மையாக்கி ஒத்ததிர்வை ஐட்லுக்குக் கீழே தள்ளுவது நல்ல வழி. அது முடியாவிட்டால் அந்தச் சுற்றுப் பகுதியை மீட்டரில் சிவப்பாகத் தீட்டி, நிற்காமல் கடந்துபோவது. ஆனால் அந்தப் பகுதி பறப்புச் சுற்றில் விழுந்தால் இதுவும் உதவாது. பிட்சை மாற்றுவதோ இறகைச் சமன்செய்வதோ முறுக்கதிர்வை அசைக்காது. தண்டில் திரிபுமானி (முறுகலை அளக்கும் உணரி) ஒட்டி அளக்கும் வசதி இல்லாதவருக்கு என் பரிந்துரை ஒன்றே: பலர் பல நூறு மணி நேரம் ஓட்டிக் காட்டிய எஞ்சின், பெட்டி, புரொப்பெல்லர் சேர்க்கையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஃப்ளைவீல் உட்பட. அதில் ஒன்றை மாற்றினால் அது வேறு சேர்க்கை, அந்த மணிக்கணக்கு உங்களுக்குச் சேராது.

அறிகுறி: உடம்பு முழுக்க உணரும் அதிர்வு

உணர முடிகிற அதிர்வு பெரும்பாலும் சாதுவானது. இறகு நுனிகள் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்க, நுனிக்கு எதிரே ஒரு கட்டையை நிறுத்தி ஒவ்வோர் இறகாகக் கொண்டுவந்து இடைவெளியை அளங்கள். மரப் புரொப்பெல்லரில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். தயாரிப்பாளர் இதைவிடக் குறைவாகச் சொன்னால் அவர் சொல்வதே முடிவு. இறகுக் கோணங்களில் சிறு வித்தியாசம் இருந்தாலும் எடைச் சமன் சரியாக இருந்தும் ஆடும். இவை சரியென்றால் கருவி வைத்துச் சமன்செய்யுங்கள். அதிர்வின் வேகம் விநாடிக்கு 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் ஏற்கலாம், 2-க்குக் கீழே வந்தால் அருமை.

கைபேசியின் அதிர்வுச் செயலியும் ஓரளவு உதவும். புரொப்பெல்லர் 2,400 சுற்றில் ஓடினால் அதன் சமனின்மை 40 ஹெர்ட்ஸில் தெரியும். எஞ்சினுடையது அதே நேரத்தில் 97-இல். கைபேசி விநாடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதற்கு மேலுள்ளது பொய்யான இடத்தில் தோன்றும்.

தள்ளும் வகையில் இரண்டு இறகும் ஒரே நேரத்தில் இறக்கையின் பின்னோட்டத்துக்குள் நுழைவதால் ஒரு துடிப்பு வரும். மூன்று இறகுக்கு மாறினால் அது பெரும்பாலும் அடங்கும், கியர்பாக்ஸ் வரம்பு இடம் கொடுத்தால்.

அறிகுறி: மர மையத்தில் கருகல்

புரொப்பெல்லரைக் கழற்றியபோது மையத்தின் பின்முகத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. முறுக்கு விசையைக் கடத்துவது போல்ட்டுகளின் தண்டு அல்ல, அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கிடையே வரும் உராய்வு. வறண்ட காலத்தில் மரம் சுருங்கும், அழுத்தம் குறையும், முகங்கள் தேய்ந்து சூடேறும். ஈரக் காலத்தில் உப்பி போல்ட்டே மரத்தை நசுக்கும். முதல் ஓட்டத்துக்குப் பிறகும், பருவம் மாறும்போதெல்லாமும் முறுக்கு விசைச் சாவியால் சரிபாருங்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் தயாரிப்பாளரிடம் காட்டலாம். மரம் கரியாகி, துளைகள் நீள்வட்டமாகியிருந்தால் அதைச் சுவரில் மாட்டுங்கள்.

அறிகுறி: பெட்டி கொதிக்கிறது, எண்ணெயில் உலோகம்

பெல்ட் குறைப்பானில் பெல்ட்டைக் குளிரில் விறைப்பாக வைத்தால், அலுமினியச் சட்டம் சூடேறி விரிய இன்னும் இறுகி, பேரிங்கைத் தின்னும். சூடான நிலையிலும் இழுவிசையைச் சரிபாருங்கள். கப்பிகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து கறுப்புப் பொடி கொட்டும்.

கியர்பாக்ஸில் காந்தச் செருகியைக் கழற்றித் துணியில் துடைத்துப் பாருங்கள். விரலில் உரசினால் நெருடாத சாம்பல் நிறப் பசை, குறிப்பாகப் புதுப் பெட்டியில், வழக்கமானது. துடைத்து மாட்டி, சில மணி நேரம் கழித்து அளவு குறைகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் மின்னும் செதில், ஊசி போன்ற துணுக்கு, அல்லது பல்லின் ஒரு மூலை என்று அடையாளம் தெரிகிற எதுவாக இருந்தாலும் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கக் கூடாது. அன்றே பெட்டியைப் பிரித்து, பற்கள், பேரிங்குகள், ரப்பர் இணைப்பு மூன்றையும் பாருங்கள். பற்களில் ஒரு சில மட்டும் குழிந்திருந்தால் அந்த இடத்தில் அடிவாங்கியிருக்கிறது, ஸ்டார்ட் உதையையும் ஐட்லையும் சரிசெய்யுங்கள். எல்லாப் பற்களும் ஒரே மாதிரி இருபக்கமும் தேய்ந்திருந்தால் முறுக்கதிர்வுப் பகுதிக்குத் திரும்புங்கள், புதுப் பல்சக்கரம் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.